காதருகே ஒரு டபுள் பாஸ்

வியாழன் இரவு, ராலே (அமெரிக்கா, வட கரோலினா)

நாளைக் காலை எட்டு மணிக்கு மலைப்பக்கம் மூன்று நாள் பயணம் கிளம்புகிறோம். ஐந்து பேர் கொண்ட ஒரு புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற வகை இசை) குழு, அவர்களுக்கு டிரைவராக நான். என் அலுவலகத்தில் டேட்டாபேஸ் பார்க்கும் நண்பன்தான் இந்தக் குழுவில் டபுள் பாஸ் (ஆளுயர வயலின் மாதிரி, தாழ்ந்த சுருதி வாத்தியம்) வாசிப்பவன். "நீ வேன் ஓட்டினால் நாங்கள் பின்னால் உட்கார்ந்து பாட்டைச் சரிபார்த்துக்கொள்வோம்" என்றான். பெட்ரோல், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் செலவு. இதைவிட நல்ல பேரம் எனக்கு இந்த நாட்டில் அமைந்ததில்லை.

சாயங்காலம் ஒத்திகை பார்க்கப் போனேன். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவரின் கார் ஷெட். புல்வெட்டும் இயந்திரம், பெயின்ட் டப்பாக்கள், ஓடாத ஒரு ஃப்ரிட்ஜ், நடுவில் ஒரே ஒரு மைக். ஐந்து பேருக்கும் அது ஒன்றுதான். பாடுகிறவர் வரியை முடித்ததும் தோளைச் சாய்த்து விலக, பிடில் முன்னால் வருகிறது. பிடில் பின்வாங்கும்போதே பாஞ்சோ கிளம்பிவிடுகிறது. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கால்களின் வேலைதான். கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் கொதிக்கும் அண்டாவோடு ஒருவரை ஒருவர் கடப்பார்களே, அந்த லாகவம் வேண்டும். இவர்களுக்கு இன்னும் முழுதாக வரவில்லை. பாஞ்சோவின் கழுத்து மாண்டலின்காரரின் விலாவில் இரண்டு முறை குத்தியது.

யாருடைய பெயரையும் போடாதே என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் இந்தப் பதிவுகளில் எல்லோருக்கும் வாத்தியமே பெயர்.

புளூகிராஸ் என்றால் மலைக்காட்டில் நூற்றாண்டுகளாகப் பாடிவருகிற பழம்பாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாட்டுகளில் பல அப்படித்தான். ஆனால் அதை வாசிக்கிற இந்த முறை, இந்தியச் சுதந்திரத்தைவிட இரண்டு வயதுகூட மூத்ததில்லை. கென்டக்கி மாநிலத்தில் ரோசின் என்ற ஊரில் 1911இல் பிறந்த பில் மன்றோ, தன் மாநிலத்தின் பட்டப்பெயரை வைத்து 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்று ஒரு குழு நடத்திவந்தார். 1945 டிசம்பரில் 21 வயது ஏர்ல் ஸ்க்ரக்ஸ் அதில் சேர்ந்தார். வட கரோலினாக்காரர், நூல் ஆலையில் வேலை பார்த்தவர். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் சுழற்றி அவர் பாஞ்சோ வாசித்த வேகத்தை அதற்கு முன் ரேடியோவில் பலர் கேட்டதில்லை. குழுவின் பெயரே பிறகு இசையின் பெயராகிவிட்டது.

நம் பாஞ்சோக்காரருக்கு 71 வயது, ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவருடைய அப்பாவும் நூல் ஆலைத் தொழிலாளிதான். ஷிஃப்ட் முடிந்து வந்து வாசல் படியில் உட்கார்ந்து இரண்டு விரலால் பாஞ்சோ தட்டுவாராம். பையனுக்கு அது பிடிக்காது. ஆலைக் குடியிருப்பின் வாசனை அந்தச் சத்தத்தில் அடிக்கும் என்றார். பள்ளிக்கூட பேண்டில் டிரம்பெட் ஊதப் போனார். பதினைந்து வயதில் யாரோ ஒரு நண்பன் வீட்டில் ஸ்க்ரக்ஸின் இசைத்தட்டைக் கேட்டார், அவ்வளவுதான். அந்தக் காலத்து ரெக்கார்ட் பிளேயரில் 33 சுற்று வேகத்தோடு 16 என்றும் ஒரு வேகம் இருக்கும். 16இல் வைத்தால் பாட்டு பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே இறங்கி ஓடும். அதில் ஒவ்வொரு மீட்டாகப் பொறுக்கி எடுத்தாராம். "தட்டில் அந்த ஓர் இடம் மட்டும் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது" என்றார். பிறகு கல்லூரி, பல், பிள்ளைகள், நாற்பது வருஷம். ஓய்வுபெற்ற வாரம்தான் பெட்டியைத் திரும்பத் திறந்தார்.

அப்பாவோடு சேர்ந்து ஒரு தடவையாவது வாசித்தீர்களா என்று கேட்டேன். ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு மூடினார்.

வெள்ளி, ஃபிளாய்ட்

டபுள் பாஸை வேனின் கூரையில் கட்ட முடியாது. உள்ளேதான் வர வேண்டும். இரண்டு இருக்கையை மடக்கி, அடிப்பாகத்தைப் பின்கதவோரம் வைத்து, கழுத்தை நடுவழியாக நீட்டினோம். அதன் சுருள் தலை சரியாக என் வலது காதருகே வந்து நின்றது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் தடித்த தந்தி ஒன்று 'ம்ம்' என்றது. கிழவர் ஒருவர் எல்லாவற்றையும் ஆமோதித்துக்கொண்டே வந்த மாதிரி இருந்தது.

ராலேயிலிருந்து மேற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் மெபன். ஜோ தாம்ப்சன் இருந்த ஊர். கறுப்பின பிடில் கலைஞர், 2012இல் தம் 93ஆம் வயதில் இறந்தார். அவருடைய வீட்டுக்கு வாரந்தோறும் போய்க் கற்றுக்கொண்ட மூன்று இளைஞர்கள்தான் கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவைத் தொடங்கினார்கள். பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் கைவழி வந்த வாத்தியம். நெடுஞ்சாலைப் பலகையைப் பார்த்ததும் பிடில்காரி இதைச் சொன்னாள். பல் டாக்டர், "என் சின்ன வயதில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை" என்றார். கொஞ்ச நேரம் வண்டியில் யாரும் பாடவில்லை.

மவுண்ட் ஏரியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். இந்த வட்டாரத்து டாமி ஜாரல், பழைய பாணி பிடிலுக்குப் பேர்போனவர். எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து அவர் வீட்டில் தங்கிக் கற்றுக்கொண்டு போவார்களாம். அவர் பிழைப்புக்குப் பார்த்த வேலை, நெடுஞ்சாலைத் துறையில் மண் சமன்படுத்தும் இயந்திரம் ஓட்டியது. ரக்பி என்ற குக்கிராமத்து வெய்ன் ஹெண்டர்சனும் அப்படித்தான். தபால்காரராக இருந்துகொண்டே கிட்டார் செய்தார். பிரபல ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன்கூட வருஷக்கணக்கில் காத்திருந்துதான் ஒன்று வாங்கினார். இந்தப் பக்கத்தில் 'அமெச்சூர்' என்ற சொல்லை யாரும் குறையாகச் சொல்லிக் கேட்கவில்லை. வேலை ஒன்று இருக்கும், பாட்டு ஒன்று இருக்கும், அவ்வளவே.

ஃபிளாய்ட் சின்ன ஊர். கவுண்டி முழுவதற்கும் ஒரே ஒரு டிராஃபிக் சிக்னல். வெள்ளிக்கிழமை இரவில் அங்கே ஒரு பழைய பலசரக்குக் கடை ஆட்டக்களமாகிவிடும். முதலில் பக்திப் பாட்டு, அப்புறம் ஆட்டத்துக்கான குழுக்கள். மேடை முன்கூட்டியே பேசி வைத்தவர்களுக்கு. நம்மைப் போன்றவர்களுக்குத் தெரு. நடைபாதையில், சந்துமுனையில், வண்டி நிறுத்தும் இடத்தில் என்று ஐந்தாறு வட்டங்கள். ஒரு வட்டத்துப் பாட்டு மங்கும் இடத்தில் அடுத்ததன் பாட்டு தொடங்கிவிடுகிறது.

எங்கள் ஆட்கள் ஒரு சுவரோரம் நின்றார்கள். முதல் இரண்டு பாட்டு பிரமாதம். மூன்றாவதில் அவமானம். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

பாஞ்சோவில் ஐந்து தந்தி. நான்கு முழு நீளம், ஐந்தாவது மட்டும் கழுத்தின் பாதியில் தொடங்குகிற குட்டை. அது நாகஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி, பாட்டு எங்கே போனாலும் கட்டைவிரல் அதையே தொட்டுக்கொண்டிருக்கும். பாட்டின் சுருதியை உயர்த்த, கழுத்தில் கபோ என்ற கவ்வியை மாட்டினால் நான்கு தந்திகள் ஏறிவிடும். குட்டைத் தந்திக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அதற்கு என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கும் குட்டி ஆணி! கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிக் கட்டைகளில் ஏழாவது, ஒன்பதாவதற்கருகில் அதை அடித்து வைத்து, தந்தியை அதன் கொக்கியில் செருகிவிடுகிறார்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய தலை.

மூன்றாவது பாட்டு பி சுருதியில். டாக்டர் கபோவை நான்காவது கட்டையில் மாட்டினார். கண்ணாடி போடாததால் ஆணி தெரியவில்லை. கொக்கியில் மாட்டிவிட்டதாக நினைத்துத் தொடங்கிவிட்டார். நான்கு தந்தி ஒரு சுருதி, ஒத்து வேறு சுருதி. அதுவும் வினாடிக்கு இரண்டு மூன்று தடவை. எதிரில் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்த ஒரு பையன் நக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். மாண்டலின்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பாடிக்கொண்டிருந்த கிட்டார்க்கார அம்மா மட்டும் துளியும் நகராமல் தன் சுருதியிலேயே நின்று பாடி முடித்தார். ஒரு தம்புராவைத் தவறாகக் கூட்டிவிட்டுப் பாடச்சொன்னால் நான் செத்திருப்பேன்.

இரவு மோட்டலில் மாண்டலின்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். தச்சர், 47 வயது, இருபது வருஷம் பங்க் ராக் குழுக்களில் டிரம்ஸ் அடித்தவர். காதுக்குள் ஓயாத ரீங்காரம் வந்து, காது டாக்டர் போதும் என்றதும் டிரம்ஸை விற்றார். அடகுக் கடையில் அதே காசுக்கு ஒரு மாண்டலின் கிடைத்தது. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இந்த இசையில் தாள வாத்தியமே இல்லையே? நானும் மூன்று வருஷம் மிருதங்கம் கற்று, பத்தாம் வகுப்பில் விட்டவன். கை சும்மா இருக்காது.

அவர் மாண்டலினை எடுத்து, எட்டுத் தந்தியையும் அழுத்திப் பிடித்து, மீட்டிய நொடியில் இடக்கைப் பிடியைத் தளர்த்தினார். சக். நாதம் எழும்புவதற்குள் செத்துவிட்டது. "இதுதான் ஸ்னேர் டிரம்" என்றார். இதற்குப் பெயர் சாப். ஒன்றாவது, மூன்றாவது தட்டு பாஸுக்கு. இரண்டும் நான்கும் இவருக்கு. என் நண்பன் அலுவலகத்தில் எப்போதும் மேசையில் தட்டும் அந்த 'தும் — தும் —' இடைவெளி எதற்காக என்று எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் புரிந்தது.

பில் மன்றோ ஏன் மாண்டலின் எடுத்தார் என்பதற்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. பிடிலும் கிட்டாரும் அண்ணன்மார் எடுத்துக்கொள்ள, கடைக்குட்டிக்கு மிஞ்சியது அது. அதிலும் சத்தம் வரக் கூடாது என்று எட்டுத் தந்தியில் நான்கை மட்டும்தான் மாட்ட விட்டார்களாம்.

சனி, ஹில்டன்ஸ்

மழை. புளூ ரிட்ஜ் பார்க்வேயில் மணிக்கு 45 மைலுக்கு மேல் போகக் கூடாது, போகவும் தோன்றாது. 213ஆவது மைல் கல் அருகே புளூ ரிட்ஜ் இசை மையம். பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை அங்கே உள்ளூர்க்காரர்கள் வாசிப்பார்கள், கட்டணம் இல்லை. பக்கத்து ஊர் கேலாக்ஸில் 1935 முதல் நடந்துவரும் பிடில் மாநாடு ஆகஸ்டில்தான். அதற்கு நாங்கள் சீக்கிரம் வந்துவிட்டோம். அதுவும் நல்லதுதான் என்றாள் பிடில்காரி.

அவளுக்கு 26 வயது, மருந்தாளுநர். பதினாலு வருஷம் மேற்கத்திய செவ்வியல், இளைஞர் ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வரிசை. இருபது வில்லும் ஒரே திசையில் ஏறி ஒரே திசையில் இறங்கும் இடத்திலிருந்து வந்தவள். எதை எழுதி வைத்தாலும் வாசிப்பாள், எழுதி வைக்காததை வாசிக்க வராது. முதன்முதலாக ஒரு ஜாமுக்கு, அதாவது கூடி வாசிக்கும் வட்டத்துக்குப் போனபோது, பாட்டுக்கு நடுவே எதிரில் இருந்தவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். உன் முறை என்று அர்த்தம். இவள் மரியாதைக்குப் பதில் தலையசைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாளாம். ஒரு சுற்று முழுக்க வெறும் பாஸும் சாப்பும் ஓடியது. இப்படி மூன்று வாரம். நான்காவது வாரம் பல் டாக்டர்தான் சொன்னார்: "பாட்டின் மெட்டை அப்படியே வாசி. புதிதாக ஒன்றும் வேண்டாம். யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள்."

இன்று இசை மையத்துத் தாழ்வாரத்தில், முன்பின் தெரியாத இரண்டு முதியவர்களோடு சேர்ந்து வாசித்தாள். ஸ்வரம் சுத்தம், நாதமும் சுத்தம். ஒரு பெரியவர் நின்று, "கொஞ்சம் அழுக்காக்கு" என்றார். இரண்டு தந்தியை ஒருசேர இழுத்து, ஸ்வரத்துக்குக் கீழிருந்து வழுக்கி ஏறிக் காட்டினார். நமக்கு அது கமகத்தின் தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி கேட்டது. அவள் செய்தபோது இன்னும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரிதான் இருந்தது. பெரியவர் விடவில்லை, அரை மணி நேரம்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஐந்து பேரில் யாருமே நேராகப் புளூகிராஸுக்கு வரவில்லை. வேறொன்றில் பழகிய கையும் காதும் அதன் அடையாளத்தை விடுவதாக இல்லை. என் நண்பன் கல்லூரியில் ராக் குழுவில் எலக்ட்ரிக் பாஸ் வாசித்தவன், இன்றும் ஒரு சுற்றில் இரண்டு ஸ்வரம் போதும் என்றால் ஐந்து வாசித்துவிட்டுத் திட்டு வாங்குகிறான். குழுவின் குறை எல்லாம் அங்கேதான் இருக்கிறது, கேட்கச் சுவாரசியமானதும் அங்கேதான் இருக்கிறது. ராலேயில் நான் கேட்ட சில பிசகில்லாத குழுக்கள் பாதிப் பாட்டிலேயே எனக்குச் சலித்துவிட்டன.

மூன்று மணிக்குக் கிளம்பி, கிளிஞ்ச் மலையடிவாரத்துக்கு ஆறரைக்கு வந்து சேர்ந்தோம். கார்ட்டர் ஃபோல்ட். பழ மரக்கன்று விற்றுக்கொண்டிருந்த ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல் மூவரும் சேர்ந்து பாடிய கார்ட்டர் குடும்பக் குழுவின் ஊர். இசையை விட்டுவிடாதே என்று அப்பா கேட்டுக்கொண்டதற்காக மகள் ஜேனட் 1974இல் அவருடைய பழைய மளிகைக் கடையில் சனிக்கிழமைக் கச்சேரிகளைத் தொடங்கினார். பிறகு பக்கத்திலேயே இந்தக் கொட்டகை. மின்சார வாத்தியம் கூடாது என்பது விதி. மேபெலின் மருமகன், பாடகர் ஜானி கேஷுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அவருடைய கடைசிக் கச்சேரியும் இங்கேதான், 2003 ஜூலை 5. மனைவி ஜூன் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பரில் அவரும் போய்விட்டார்.

மேடையில் குழு தொடங்கியதும் முன்னாலிருந்த சிமெண்ட் தரை நிறைந்துவிட்டது. எழுபது வயது தாத்தாவும் ஆறு வயதுப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில். செருப்பின் அடியில் உலோகத் தகடு. மேலுடம்பு ஆடாமல், கை தொங்க, கால் மட்டும் சரளமாகப் பேசுகிறது. நான் தேடிக்கொண்டிருந்த தாள வாத்தியம் மேடையில் இல்லை, தரையில் இருந்திருக்கிறது. ஒரு தாத்தா நிறுத்திய இடம் அச்சு அசலாக ஒரு மிருதங்கத் தீர்மானம். என்னையறியாமல் 'சபாஷ்' என்றேன். அவர் திரும்பிப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்.

இடைவேளையில் கிட்டார் வாசித்துப் பாடும் அம்மாவோடு வெளியே நின்றேன். 63 வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். (என் ஓட்டுதலைப் பற்றி அவருக்குக் கருத்துகள் உண்டு. மலைச்சாலையில் பிரேக்கைத் தொடாதே, கியரை இறக்கு.) அவர் வளர்ந்த தேவாலயத்தில் வாத்தியமே கிடையாது, வெறும் குரல். பாட்டுப் புத்தகத்தில் ஸ்வரங்களுக்கு உருவம் உண்டு. முக்கோணம் ஃபா, வட்டம் சோல், சதுரம் லா, வைரம் மி. எந்தப் பாட்டையும் முதலில் அந்த எழுத்துகளிலேயே ஒரு தடவை பாடிவிட்டுத்தான் வார்த்தைக்குப் போவார்களாம். எங்கள் ஊரிலும் கீதம் அப்படித்தான், ஸ்வரம் பாடிவிட்டு சாகித்யம் என்றேன். "அப்படியானால் பாடு" என்றார். டென்னசி எல்லையா, கிளிஞ்ச் மலையா என்று தெரியாத இருட்டில், கார் நிறுத்தும் இடத்தில், ஸ்ரீ கணநாதவுக்கு 'மபதஸஸரி' பாடினேன். முப்பது வருஷத்துக்கு அப்புறம். அவர் கேட்டுவிட்டு, "இரண்டாவது வரியில் இறங்கிவிட்டாய்" என்றார். உண்மைதான்.

அவர் கிட்டார் கற்றது நாற்பது வயதில், தன் அம்மாவுக்குத் தெரியாமல். அம்மாவுக்குத் தெரியும் என்பது அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது. பீரோவில் ஒரு பாக்கெட் கிட்டார் தந்தி இருந்ததாம், பிரிக்காமல்.

ஞாயிறு, பிரிஸ்டல்

ஸ்டேட் ஸ்ட்ரீட்டின் நடுக்கோடுதான் மாநில எல்லை. ஒரு நடைபாதை வர்ஜீனியா, எதிர் நடைபாதை டென்னசி. இரண்டிலும் காலை வைத்துப் படம் எடுத்தோம், எல்லோரும் எடுக்கிறார்கள்.

மதியம் அருங்காட்சியகம். 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் இங்கே ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் ஒலிப்பதிவுக் கருவிகளை இறக்கினார். 19 குழுக்கள், 76 பாட்டுகள். கார்ட்டர் குடும்பம் 25 மைல் தூரத்தை ஒரு முழு நாள் கடந்து வந்து சேர்ந்தது. இரவல் கார், வழியில் டயர் பஞ்சர். மேபெலுக்கு வயது 18, நிறைமாதத்துக்கு ஒன்றிரண்டு மாதம்தான் பாக்கி. ஆறு பாட்டு பதிந்தார்கள், பாட்டுக்கு 50 டாலர்.

நான் அதிக நேரம் நினைத்துக்கொண்டிருந்தது லெஸ்லி ரிடிலைப் பற்றி. ஒரு காலை இழந்த கறுப்பின கிட்டார் கலைஞர். ஏ.பி. கார்ட்டர் பாட்டுத் தேடி ஊர் ஊராகப் போகும்போது இவரையும் கூட்டிக்கொண்டு போவார். கார்ட்டர் வார்த்தைகளை எழுதிக்கொள்வார், மெட்டு முழுவதும் ரிடிலின் தலைக்குள் வரும். மேபெலின் கிட்டார் வாசிப்பிலும் அவர் சாயல் உண்டு. இசைத்தட்டுகளின் மேல் அவர் பெயர் இல்லை. பில் மன்றோ பையனாக இருந்தபோது அவரைத் தன்னோடு ஆட்ட விருந்துகளுக்கு அழைத்துப்போய் வாசிக்க வைத்த ஆர்னால்ட் ஷுல்ட்ஸும் கறுப்பினத்தவர், சுரங்கத் தொழிலாளி. ஒரு பாட்டைக்கூடப் பதிவு செய்யாமல் 1931இல் இறந்துவிட்டார். வெளியே வந்ததும் டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் ரிடிலின் படத்தின் முன்னால் என்னைவிட அதிக நேரம் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை, பிடில்காரிதான் சொன்னாள்.

திரும்பும் வழியில் நாலரை மணி நேரமும் பின்னால் பாட்டுதான். எழுத்து இல்லை, ஜாடை மட்டும். பாட்டை முடிக்க வேண்டுமென்றால் தலைமை தாங்குகிறவர் ஒரு காலைத் தூக்குவார், இது கடைசிச் சுற்று என்று அர்த்தம். வேனில் காலைத் தூக்க இடமில்லாததால் ஒரு பாட்டு விடாமல் ஒன்பது மைல் ஓடியது. கடைசியில் அம்மா சத்தமாகவே "போதும்" என்றார்.

ராலே வந்து பாஸை இறக்கும்போது, வியாழக்கிழமை ஒத்திகைக்கு மிருதங்கத்தை எடுத்துக்கொண்டு வா என்றான் நண்பன். மாண்டலின்காரர் வேனுக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"அப்புறம் எனக்கு என்ன வேலை?"